நாலு மில்லிமீட்டர்

வரதன் மூன்று வாரமாகக் காருக்குப் போடும் குழாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். காபி ஆறுவது தெரியாமல் பேசினார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்திலிருந்து போன் போட்டுப் பேசினார். முப்பத்தெட்டா, நாற்பத்திரண்டா? அதுதான் கேள்வி. அவர் மனைவி அகிலாவுக்கு முதல் வாரம் சிரிப்பு வந்தது, இரண்டாம் வாரம் எரிச்சல் வந்தது. மூன்றாம் வாரம், இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் இதே உத்திரமேரூரில் நாலு தெரு தள்ளி இருப்பதை இவர் எப்போது வாய்விட்டுச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள்.

அவர் சொல்லவில்லை.

கார் வரதனின் அப்பா காலத்தது. வளைந்த முதுகும் உருண்டைக் கண்ணுமாக இருக்கும் வெளிநாட்டு வண்டி. ஊரில் அதற்கு ஆமை கார் என்று பெயர். இஞ்சின் பின்பக்கம். ரேடியேட்டர் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். விசிறி அடிக்கும் காற்றிலேயே ஆறிக்கொள்ளும். அகிலா அரசு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்த காலத்தில் பதினேழு வருஷம் அதைத்தான் ஓட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் அவளை ஆமை கார் டீச்சர் என்றார்கள். பிறகு ஒரு நாள் இஞ்சின் மக்கர் செய்து நின்றது. தள்ளிக்கொண்டுபோய் நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில் விட்டார்கள். அங்கேயே இருந்தது.

போன மே மாதம் அகிலா ஓய்வு பெற்றாள். மறுவாரமே வரதன் காரை வெளியே இழுத்தார். அறுபத்து நாலு வயசில் மனுஷருக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வந்ததோ, பழைய பிஸ்டன்களைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பெரிதாக நாலு வாங்கினார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார். ஆயிரத்து அறுநூறு சிசியாக இருந்த இஞ்சின் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறாக வளர்ந்தது. எல்லாம் முடிந்தது, குழாய் மட்டும் மிச்சம். நாலு சிலிண்டரின் புகையையும் நாலு குழாய் வாங்கிக்கொண்டுபோய் ஒரே வாயில் சேர்க்க வேண்டும். அதற்கு ஹெடர் என்று பெயர். அந்தக் குழாயின் குறுக்களவு முப்பத்தெட்டு மில்லிமீட்டரா, நாற்பத்திரண்டா என்பதில்தான் அவர் மாட்டிக்கொண்டு நின்றார். இணையத்தில் கேட்டார். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள்.

"நாலு மில்லிமீட்டர்ல இன்னாங்க வந்துடப்போவுது?" என்றாள் அகிலா.

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த நாலு மில்லிமீட்டரில் என்ன போகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

*

எண்பத்தாறு ஆவணியில் அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தாள். இருபத்திரண்டு வயசு. புள்ளலூரில் அப்பா வீட்டில் இருந்தவரை ஓட்டப்பந்தயம், நீளந்தாண்டுதல் என்று திரிந்தவள். இங்கே வந்தால் பெரிய குடித்தனம், பெரிய சமையலறை, எந்நேரமும் உறவுக்காரர்கள். மூச்சு முட்டியது. ஒரு மாசம் ஆன பிறகு ஒரு சாயங்காலம், கொல்லைப்பக்கக் கொட்டகையில் வரதனுக்குக் காபி கொண்டுபோனாள். காருக்கு அடியிலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று அவள் புருஷனுடையது. இன்னொன்று தானியேலுடையது.

தானியேல் வரதனோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவருடைய அப்பா ஊர் ஊராக அடிபம்பு இறக்குகிறவர். மகன் வெல்டிங் கற்றுக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காரைச் சோழவரம் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் நடக்கும் பந்தயம். அடியிலிருந்து வெளியே வந்த தானியேல், கையைத் துடைத்துக்கொண்டே, "தங்கச்சி, ஸ்டாப் வாட்ச் புடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

அதைப் போல ஒரு கேள்வியை அந்த வீட்டில் அவளிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

அன்று முதல் அந்தக் கொட்டகையில் மூன்று பேர். மாமியார் முணுமுணுத்தார், "புது மருமவ கொட்டாயில இன்னா பண்ணிக்கினு கீறா?" என்று. மாமனார், வரதன் நைனா என்று கூப்பிடும் அந்தப் பெரிய மனுஷர், "வுடு, அதுக்கும் பொழுது போவணுமில்ல" என்று அடக்கினார். இன்றைக்கும் மணல் சூடேறும் வாசனை எங்காவது வந்தால் அகிலாவுக்கு அந்த மாசங்கள் திரும்பி வந்துவிடும். பாலாற்று மணலைச் சலித்து, வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, குழாய்க்குள் கெட்டியாக இடிப்பார்கள். இரண்டு முனையையும் அடைத்துவிட்டு, தானியேல் கேஸ் நெருப்பைக் காட்டுவார். குழாய் செம்பருத்தி நிறத்துக்கு வரும்போது, அவசரப்படாமல், பால் குடிக்கும் குழந்தையின் தலையைத் திருப்புகிறவர் போல வளைப்பார். உள்ளே மணல் இருப்பதால் குழாய் நசுங்காது. அகிலா மணல் சலித்தாள். மூவரும் ஒரே தட்டில் வேர்க்கடலை தின்றார்கள். முதன்முதலாக அந்த இஞ்சினைக் கிளப்பியபோது பக்கத்து வீட்டு எருமை கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. தேடிப் பிடிக்க மூவரும் ஏரிவரைக்கும் போனார்கள். ஓடிய ஓட்டத்தில் அகிலாதான் முதலில் பிடித்தாள். "நம்ம வண்டியவிட இதான்டா ஸ்பீடு" என்று தானியேல் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

சண்டை அப்போதே இருந்தது. வரதனுக்கு நாற்பத்திரண்டு வேண்டும். "பெருசா இருந்தா பொகை சீக்கிரம் போவும், வண்டி பறக்கும்." தானியேல் தலையாட்ட மாட்டார். "பெருசா இருந்தா பொகை சோம்பேறியாயிடும்டா. சின்னதுல போனாத்தான் வேகமாப் போவும், பின்னால வர்றதையும் இஸ்துகினு போவும். இந்த இஞ்சினு அளவுக்கு முப்பத்தெட்டுதான்." கடைசியில் தானியேல் இரண்டையும் செய்தார்.

சோழவரத்தில் வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் பெரிய குழாயை மாட்டினார்கள். சனிக்கிழமை சின்னதை. அகிலா ஒவ்வொரு சுற்றையும் நோட்டில் எழுதினாள். சின்னக் குழாயில் சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை செகண்டு குறைவு. ராத்திரி வரதன் நோட்டைக் கேட்காமலே களைத்துத் தூங்கிவிட்டார். பந்தயத்தன்று காலையில் தானியேல் சின்னக் குழாயையே விட்டுவைத்தார். பந்தயத்தில் வரதன் கடைசிச் சுற்று வரை மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். கடைசி நேர்ச்சாலையில் இரண்டு வண்டிகள் அவரைத் தாண்டிப் போயின. ஐந்தாவது இடம்.

வண்டியிலிருந்து இறங்கியதும் அவர் நேராகப் பின்னால் போய், கொதித்துக்கொண்டிருந்த குழாயைக் காலால் உதைத்தார். சுற்றிலும் அத்தனை பேர். "கொயாக்காரன் புள்ள கொயாக்காரன்தான்டா! அடிபம்புக்குப் போடுற கொயாயை எனக்குப் போட்டுட்ட!"

தானியேல் வரதனைப் பார்க்கவில்லை. அகிலாவைப் பார்த்தார். அவள் கையில் நோட்டு இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்யாணமாகி ஆறு மாசம். எல்லோர் முன்னாலும் புருஷனைப் பொய்யனாக்க முடியுமா? அன்றைக்கு அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் அதுதான். பிறகு அந்தச் சமாதானம் ஒருநாளும் போதவில்லை. தானியேல் பஸ் பிடித்து ஊருக்கு வந்தார். அந்த வருஷம் ஆடிக்குள் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வேடந்தாங்கல் சாலையில் வீடு கட்டி, பொழுதுபோக்குக்கு ஜன்னல் கம்பி வெல்டிங் செய்கிறார். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் வரதன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

*

அகிலா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் முதலில் போனாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனாள். தானியேல் வாசலில் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முன்கையில் நெருப்புப் பொறி பட்ட புள்ளிகள்.

"வா தங்கச்சி," என்றார், போன வாரம் பார்த்தவர் போல. "இஞ்சின பெருசு பண்றானாமே? எத்தினி சிசி?"

அவள் அடுக்கிக்கொண்டு வந்ததெல்லாம் கலைந்துபோனது. சொன்னாள். இரண்டு கார்புரேட்டர் என்றதும் அவர் புருவம் ஏறியது.

"அவன் அனுப்சானா?"

"இல்லண்ணா. நானாத்தான் வந்தேன்."

"அப்ப நான் வர மாட்டேன். அவன் வந்து கூப்புட்டா வரேன்." குரலில் கோபம் இல்லை. "தண்ணி குட்ச்சிட்டுப் போ."

வீட்டுக்கு வந்து அகிலா விஷயத்தைச் சொன்னாள். வரதன் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு வேறு சட்டை மாற்றினார். வந்து ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம் அவர் மூச்சு அவள் தோளில் பட்டது.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற வரதனுக்கு, வணக்கம் சொல்லவும் வரவில்லை, மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. "டேய், முப்பத்தெட்டே போதும்டா," என்றார். "நல்லா படிச்சுப் பாத்துட்டேன். நீ சொன்னதுதான் கரெக்ட்டு. வந்து பண்ணிக் குடு."

தானியேல் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யார்ரா சொன்னது முப்பத்தெட்டுன்னு? ஆயிரத்து எழுநூத்தி எழுபத்தாறு, ரெண்டு கார்புரேட்டரு. அதுக்கு முப்பத்தெட்டுன்னா மூக்கப் பொத்திக்கினு ஓடச் சொல்றா மாரி. நாப்பத்திரண்டு போடுடா."

"நாப்பத்திரண்டு போட்டா மெதுவாப் போறப்ப, கீழ, இழுவை இருக்காதுடா!"

"மஸ்கட்ல மணல்ல ஓட்ற காருக்கு இருவது வருஷமா பைப்பு வளச்சிகினு இருந்தவன்டா நான். எனக்கு நீ சொல்றியா?"

அகிலா ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்தபடியே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் இவர் சொன்னதை அவரும், அவர் சொன்னதை இவரும் நம்ப ஆரம்பித்திருக்கிறார்கள். இத்தனை வருஷமும் ஒருவர் வார்த்தையை ஒருவர் மனசுக்குள் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ரெண்டையும் பண்ணுங்க," என்றாள், மைதானத்தில் பிள்ளைகளை அதட்டும் குரலில். "ரெண்டையும் மாட்டி ஓட்டிப் பாத்துடலாம். நான் ஓட்டறேன்."

*

எட்டு நாள் ஆயிற்று. தானியேல் காலை நாஷ்டா முடித்துவிட்டு வருவார், இருட்டுவதற்குள் போய்விடுவார். இப்போது ஆற்று மணல் கிடைப்பதில்லை. வீடு கட்டுகிறவர் ஒருவரிடம் வரதன் கேட்டு அரை மூட்டை வாங்கி வந்தார். அகிலா சலித்தாள். பேச்செல்லாம் வேலையைப் பற்றித்தான். அந்த ஸ்பேனரை எடு, இத்தப் புடி, கொஞ்சம் தூக்கு. வரதன் இரண்டு முறை வேறு ஏதோ பேச வாயெடுத்தார். தானியேல் அந்தச் சமயம் பார்த்துக் கேஸைத் திறந்தார். நெருப்புச் சத்தத்தில் பேச்சு அடங்கிப்போனது.

குழாய்க்கு ஏற்றபடி கார்புரேட்டரின் பெட்ரோல் அளவையும் மாற்ற வேண்டும் என்பதில் தானியேல் கண்டிப்பாக இருந்தார். "பைப்ப மட்டும் மாத்திட்டு ஓட்னா அது நியாயமில்ல. ரெண்டுக்கும் அதது கேக்கறதக் குடுத்துட்டுத்தான் ஓட்டணும்." தன்னுடைய பெரிய குழாய்க்கு ஒரு சலுகையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மாசி முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஏரியைத் தாண்டிய நேர்ச்சாலைக்குப் போனார்கள். இருபக்கமும் அறுப்பு முடிந்த வயல். படாளம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் தாண்டும்வரை காத்திருந்தார்கள். முதலில் நாற்பத்திரண்டு. எடை மாறக்கூடாது என்று மூன்று பேரும் ஒவ்வொரு முறையும் வண்டிக்குள் இருக்க வேண்டும் என்றாள் அகிலா. அவள் ஸ்டியரிங்கில், பக்கத்தில் ஸ்டாப் வாட்சோடு தானியேல், பின்சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு வரதன். டாப் கியரில் நாற்பதிலிருந்து எண்பதுக்கு எத்தனை செகண்டு. அதுதான் முதல் கணக்கு.

நாற்பதில் வைத்து அழுத்தினாள். இஞ்சின் கொஞ்சம் இருமியது, யோசித்தது, பிறகுதான் மனசு வந்தது போல எழுந்தது. அறுபதைத் தாண்டிய பிறகு சத்தம் மாறியது. முதுகை யாரோ சீட்டோடு சேர்த்துத் தள்ளினார்கள்.

"பதினாலு புள்ளி ரெண்டு," என்றார் தானியேல். அடுத்த இரண்டு ஓட்டங்களும் அதையே காட்டின. மூன்றாவது கியரில் எழுபதிலிருந்து நூறுக்குப் போனபோது வண்டி கத்திக்கொண்டு பறந்தது. எட்டு புள்ளி ஒன்று. அறுபது வயசில் அகிலா இப்படி ஒரு சத்தத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பாள் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

குழாய் ஆறுவதற்காகப் புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். யாரும் உடனே இறங்கவில்லை. தானியேல் கையிலிருந்த வாட்சைப் பார்த்தபடியே, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அன்னிக்கு சனிக்கெயம எவ்ளோ வந்திச்சு தங்கச்சி?"

எந்தச் சனிக்கிழமை என்று அவள் கேட்கவில்லை.

"ரெண்டரை செகண்டு கம்மி," என்றாள். "ஒவ்வொரு சுத்துக்கும். உங்க சின்னக் கொழாதான் ஃபாஸ்ட்டு. நோட்ல எழுதினு இருந்தேன். அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். அத்தினி பேர் முன்னால நீங்க என்னப் பாத்தீங்க, நான் கீழ குனிஞ்சிக்கினேன். அது தப்புண்ணா. இத்தினி வருஷமா அது என் நெஞ்சுல கீது."

பின்சீட்டிலிருந்த வரதனைத் திரும்பிப் பார்க்க அவள் பயந்தாள். இந்த விஷயம் தெரியாமலே வாழ்ந்துவிட்ட மனுஷர், அறுபத்து நாலு வயசில் இதை எப்படித் தாங்குவார்?

"எனக்குத் தெரியும்," என்றார் வரதன்.

அகிலா திரும்பினாள்.

"ஊருக்கு வந்த மறுநாள் உன் நோட்டப் பாத்தேன். பொட்டிக்கு அடியில வச்சிருந்த. பாத்துட்டுத் திருப்பி அங்கியே வச்சிட்டேன்." அவர் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்... நீ எழுதினியே தவிர, கூட்டிப் பாத்திருக்க மாட்டன்னு."

"கூட்டிப் பாக்காமயா எழுதுவேன்?"

தானியேல் இருவரையும் பார்த்தார். மெதுவாகச் சிரிப்பதுபோல ஆரம்பித்தார், அது சிரிப்பாக வரவில்லை.

"அப்ப எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மூணு பேருக்கும் தெரிஞ்ச விஷயத்துக்காடா நான் மஸ்கட்டு போனேன்?"

கதவைத் திறந்து இறங்கினார். வரப்பின்மேல் ஏறி, அறுத்த வயலுக்குள் நடந்தார். வரதன் எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்க," என்றாள் அகிலா. "போவட்டும்."

வெயில் கண்ணாடியில் ஏறியது. தானியேல் தூரத்தில், கொக்குகள் மேயும் இடத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கால் மணி நேரமோ, அதற்கும் மேலோ. அகிலா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஸ்கட்டில் இந்த முதுகு எத்தனை வெயிலில் வளைந்திருக்கும். அவருடைய அம்மா செத்தபோதுகூட அவரால் வர முடியவில்லை. சவப்பெட்டியின் பின்னால் வரதன்தான் யாருக்கும் தெரியாமல் கடைசி ஆளாக நடந்து போனார். அதைத் தானியேலிடம் யாராவது சொல்லியிருப்பார்களா? இன்றைக்கு அவளாகச் சொல்லவும் மனசு வரவில்லை. அதைச் சொன்னால், அவர் படும் வேதனைக்குப் பதில் கணக்குக் காட்டுவதுபோல் ஆகிவிடும்.

அவர் திரும்பி வந்தபோது வேட்டியின் ஓரமெல்லாம் நெல் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து குழாயின் பக்கத்தில் கையை நீட்டிச் சூடு பார்த்தார்.

"ஆறிடுச்சி," என்றார். "சின்னத மாட்டலாம். வரதா, ஜாக்கி போடு."

*

மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வரதன் தரையில் படுத்து நட்டுகளை முடுக்கினார். கழுத்தில் வியர்வையும் மண்ணுமாக வெளியே வந்தவரிடம் தானியேல் தன் துண்டை நீட்டினார். வாங்கித் துடைத்துக்கொண்டார்.

முப்பத்தெட்டில் வண்டி இருமவே இல்லை. நாற்பதில் அழுத்திய காலுக்கு உடனே பதில் சொன்னது, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் பிள்ளைபோல. பதினொன்று புள்ளி ஆறு. மறுபடி ஓட்டினாள், பதினொன்று புள்ளி ஐந்து. மூன்றாவது கியரில் நூறைத் தொடும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கியது. பெரிய குழாயைவிட அரை செகண்டு அதிகம்.

"பாத்தியா," என்றார் தானியேல். "மேல போனா நாப்பத்திரண்டுதான்."

"கீழ மூணு செகண்டுக்கு நெருக்கி போச்சேடா, அத்தப் பாரு," என்றார் வரதன்.

மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். அகிலா வண்டியை ஓரங்கட்டினாள்.

"ஒரு விஷயம் சொல்லுங்க. இந்த வண்டிய இனிமே ஓட்டப்போறது யாரு?"

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தானே? பஸ் ஸ்டாண்டு கூட்டத்துல போவணும். கடத்தெருவுல நிறுத்தி நிறுத்தி எடுக்கணும். காஞ்சிபுரம் போறதுக்குள்ள எத்தினி வேகத்தட கீது, எண்ணிப் பாத்தீங்களா? நூறுல போவ எங்க ரோடு கீது இங்க? எனக்கு முப்பத்தெட்டு போதும்."

தானியேல் பெரிய சிரிப்பாகச் சிரித்தார், எருமை ஓடிய அன்று சிரித்தது போல. "சரிதான்டா. வண்டிய யாரு, எங்க ஓட்றாங்கன்னு கேக்காம பைப்பு சைஸ கேட்டுகினு கீறோம் ரெண்டு கெழங்களும். அன்னிக்கு நான் சொன்னது இப்ப உன் வாயில ஜெயிச்சிடுச்சி. நான் இப்ப சொன்னது தோத்துப்போச்சி. யாரு ஜெயிச்சான்னு எனக்கே பேஜாரா கீது."

வரதன் சிரிக்கவில்லை. "தானி," என்றார். அந்தப் பெயரை அகிலா கேட்டு எத்தனை காலமாயிற்று. "நீ ஒரு தரம் ஓட்டு. தனியா."

தானியேல் அந்தக் காரை எண்பத்தேழுக்குப் பிறகு ஓட்டியதில்லை. ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்து சீட்டைச் சரிசெய்தார். கண்ணாடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். கிளம்பினார்.

வரதனும் அகிலாவும் புளியமரத்தடியில் நின்றார்கள். கார் சின்னதாகி மறைந்தது, சத்தம் மறையவில்லை. முதல் கியர். இரண்டாவது. மூன்றாவதில் போட்டு அவர் அழுத்தியது இங்கேயே கேட்டது. சத்தம் ஏறியது. இப்போது மாற்றிவிடுவார் என்று அகிலா நினைத்த இடத்தில் மாற்றவில்லை. இன்னும் ஏறியது. வயலில் இருந்த கொக்குகள் எழும்பின. இஞ்சின் உடைந்துவிடுமோ என்று அவள் வரதனின் கையைப் பிடித்தாள். சத்தம் இன்னும் மேலே போய், நல்ல நாதஸ்வரக்காரர் உச்சியில் நின்று பிடிப்பதுபோல நின்றது. அதன் பிறகுதான் நாலாவது.

வரதன் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோழவரத்துல கடசி ஸ்ட்ரெயிட்ல," என்றார், "நான் இஞ்சின இவ்ளோ சுத்த விடல அகிலா. பாதிதான் வுட்டேன். இஞ்சினு சத்தம் ஏறினதும் பயந்துட்டேன். நைனா வண்டி, ஒடஞ்சிடுமோன்னு கால எடுத்துட்டேன். அதான் ரெண்டு பேரு தாண்டிப் போனாங்க. கொயாலாம் ஒண்ணும் இல்ல. என் காலு."

அவள் அவரைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தேன் என்று சொன்னபோதுகூட இவர் முகம் இப்படி இல்லை.

"அத்த என்கிட்ட சொல்லாதீங்க," என்றாள்.

கார் திரும்பி வந்து நின்றது. பின்னால் சூட்டில் உலோகம் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. தானியேலின் முகம் சிவந்து, கண்ணெல்லாம் நீராக இருந்தது. ஜன்னல் வழியாக வந்த காற்றால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். வரதன் போய் ஓட்டுகிறவர் பக்கக் கதவைத் திறந்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு குனிந்தார். அகிலா கொஞ்சம் தள்ளியே நின்றாள். வரதன் என்ன சொன்னார் என்று அவளுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்கவில்லை. பேச ஆரம்பித்தவர் பாதியில் நின்றது தெரிந்தது. தானியேல் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வரதனின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கியது தெரிந்தது. உலுக்கிய கை அப்படியே அவர் கழுத்தின் பின்னால் போய்த் தங்கியது.

சாலையில் இன்னொரு கரும்பு டிராக்டர் வந்தது. ஓட்டியவர் வேகத்தைக் குறைத்து, வண்டி நின்றுவிட்டதா, தள்ள வேண்டுமா என்று அகிலாவிடம் கேட்டார்.

"வேணாம்ப்பா," என்றாள் அவள். "நல்லா ஓடுது. நீ போ."

டிராக்டர் போனதும் நடந்துபோய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வரதன் முன்னால் சுற்றிவந்து உட்கார்ந்தார். "மானாம்பதி தாண்டி ஒரு கடையில இட்லி நல்லா இருக்கும்," என்றார் தானியேல், சாவியைத் திருப்பிக்கொண்டே. "இன்னும் பசியாறல நான்."

வண்டி கிளம்பியது. தானியேல்தான் ஓட்டினார்.